ஏழாம் பருவத்துக்கு இரண்டாம் தடவை

கேட் இறங்கிக்கொண்டிருக்கிறது, இறங்கிவிட்டது, சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட அந்த நீளக் கம்பி ஆடி ஆடி வந்து அப்பாவின் ஸ்கூட்டர் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த இசக்கிப்ரியாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் ஜிவ்வென்று ஓடியது. ஒரு வண்டியா, ரெண்டு வண்டியா? அது தெரிந்தால் போதும். ஒரு வண்டி என்றால் ஒன்றுமில்லை, வரும், போகும், கேட் ஏறும், அப்பா கிக்கரை உதைப்பார், பள்ளிக்கூடம் போய் டி.சி. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர வேண்டியதுதான். ரெண்டு வண்டி என்றால்? அவள் அப்பாவின் பிடரியைப் பார்த்தாள். நரைத்த முடி சட்டைக் காலருக்குள் வியர்வையோடு ஒட்டிக்கிடந்தது. கோமதிநாயகம், நில அளவர், இருபத்து நாலு வருஷ சர்வீஸ், ஒரு நாள் கூட இந்தக் கேட் வழியாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததில்லை. ரெண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் சுரங்கப் பாலம் வழியாகத்தான் போவார். இன்றைக்கு மட்டும், 'பாலத்துல தண்ணி நிக்கு தாயி' என்று சொல்லி வண்டியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். வைகாசி வெயிலில் எங்கேயிருந்து தண்ணீர் வரும், யாராவது குழாயை உடைத்திருப்பார்களோ, எதையாவது உடைத்துவிட்டுப் போகட்டும், வந்துவிட்டோமே, அது போதும். இடதுபக்கம் திரும்பாதே, திரும்பாதே, அப்பா கண்ணாடியில் பார்ப்பார். திரும்பினாள். வாகை மரத்தடியில் அந்தப் பழைய அறை இருந்தது. இருக்கிறதே, இன்னும் இருக்கிறதே! ஓட்டுக்கூரை பாதி சரிந்து, சுவரில் சுண்ணாம்பு உரிந்து, பச்சைக் கதவில் துருப்பிடித்த பூட்டோடு. சுவரில் மட்டும் புதிதாகச் சிவப்புப் பெயிண்டில் பெரிய பெருக்கல் குறி. இடிக்கப்போகிறார்கள். இங்கேயும் சுரங்கப் பாதை வருகிறதாம், அடுத்த வாரம் கேட்டையே எடுத்துவிடுவார்களாம். அடுத்த வாரம் என்றால் இந்த வாரம்தான், இந்த வாரம் என்றால் இன்றைக்குத்தான். கேட் பார்க்கிற மரியபுஷ்பம் அக்கா பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பால் கேனோடு நின்ற ஆள் ஒருத்தர், "ஏக்கா, எம்புட்டு நேரமாவும்?" என்று கத்தினார். சொல்லு அக்கா, சொல்லு, சொல்லு.

"ரெண்டு வண்டிய்யா. சரக்கு போயி, பொறவு பாசஞ்சரு. வண்டிய ஆஃப் பண்ணிட்டு நில்லுங்க."

ரெண்டு வண்டி. பால்காரர் வைதார். இசக்கிக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ரெண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே மூடல், முதல் வண்டி போய் ரெண்டாவது வண்டி ஊதும்போது அந்தப் பூட்டு தானாய்க் கழன்று தொங்கும், கேட் ஏறுகிற வரைக்கும் கதவு திறந்திருக்கும். ஏழெட்டு நிமிஷம். உள்ளே போனால் அங்கே பதினோரு நாள். வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் இப்படி வாய்க்கும், போன புரட்டாசியில் அவளுக்கு வாய்த்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிழலுக்காக வாகை மரத்தடியில் ஒதுங்கினாள், பூட்டு கழன்றது, காற்றுத்தான் என்று நினைத்துக் கதவைச் சாத்தப் போனாள், கதவுக்குப் பின்னால் அறை இல்லை. அவ்வளவுதான். யாரும் பார்க்கவில்லை. கேட்டில் நிற்கிறவர்கள் தண்டவாளத்தைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் செல்போனைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இடிந்து கிடக்கிற அறையை யார் பார்க்கிறார்கள்? திரும்பி வந்தபோது பாசஞ்சரின் கடைசிப் பெட்டி அப்போதுதான் போய்க்கொண்டிருந்தது, அவள் நகமெல்லாம் வளர்ந்திருந்தது, செருப்பு அடி தேய்ந்து போயிருந்தது, சைக்கிள் சீட்டில் வைத்துவிட்டுப் போன குச்சி ஐஸ் இன்னும் முழுதாய் உருகியிருக்கவில்லை. எட்டு மாசம். லீவு நாள் தவறாமல் ஏதாவது சாக்கு சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். அக்கா, இன்னைக்கு ரெண்டு வண்டியா அக்கா? இல்ல பாப்பா, நேத்துத்தான் ரெண்டு வண்டி. மூன்று தடவை அப்படி ஆயிற்று. ஒரு தடவை கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் பிப்பெட்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள், ஒரு தடவை மாமா மகள் கல்யாணத்தில் பந்தியில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள், ஒரு தடவை காய்ச்சல். மூன்று பதினொன்று முப்பத்து மூன்று. கதவு திறந்திருக்கிற நேரம் மட்டும்தான் அந்தப் பக்கம் நாள் நகரும், மற்ற நேரம் அங்கே எல்லாம் அப்படியே நிற்கும், நிற்பது கூடத் தெரியாமல் நிற்கும். அப்படியானால் அந்தப் பக்கம் இருக்கிற வடிவுக்கு, இசக்கி அவளை விட்டுவிட்டு வந்து முப்பத்து மூன்று நாள்தான் ஆகியிருக்கும். முப்பத்து மூன்று நாளாய் ஒற்றை ஆளாய் நிலம் அளக்கிற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். பத்தாம் வகுப்பில் தமிழம்மா பிரம்பால் மேஜையைத் தட்டித் தட்டி ஒப்பிக்கச் சொன்னாள், ஆறு பருவம், ஆறுதான், ஏழாவது உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள் தங்கள் ஊருக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஏழாம் பருவம். ஆறிலும் சேராத ஒரு பருவம் அங்கே வந்து தங்கிவிட்டதாம். வெயிலும் இல்லை, பனியும் இல்லை, பனங்குருத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு வெளிச்சம் இருக்குமே, நாள் முழுக்க அந்த நிறம். மண் நீலம். சாயங்காலம் ஆனால் மண்ணிலிருந்து மழை மேலே போகும், நூல் நூலாய், சத்தமே இல்லாமல், வீட்டுக்கு வீடு பானையைக் கவிழ்த்துக் கட்டித் தண்ணீர் பிடிப்பார்கள். முதல் நாள் அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கையை நீட்டி நின்றாள், உள்ளங்கையின் அடிப்பக்கம் நனைந்தது. பயமும் இருந்தது. அந்த ஊர் நிற்காது. அதுதான் அங்கே கேடு. அளந்து, கல் நட்டு, பெயர் எழுதின நிலம் மட்டும்தான் இருந்த இடத்தில் இருக்கும். அளக்காத நிலம் ஓரத்திலிருந்து கரையும், டீயில் நனைத்த பன் மாதிரி, இன்றைக்கு ஒரு வரப்பு, நாளைக்கு ஒரு கிணறு, அப்புறம் அந்தக் கிணறு இருந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காது. மேற்குப் பக்கம் முழுக்க அளந்தாயிற்று. கிழக்குச் சரிவில், அவள் கிளம்பி வரும்போது, நாற்பத்திரண்டு வீடு மிச்சம். அளப்பதற்கு அந்த மனிதர்களால் முடியாது, அவர்கள் கை பட்டால் சங்கிலி நீளம் மாறிவிடும், நம் பக்கத்து ஆள்தான் வேண்டும், அதுவும் ரெண்டு பேர், இந்த முனைக்கு ஒருத்தர், அந்த முனைக்கு ஒருத்தர். அங்கே இருந்ததோ ஒரே ஒருத்தி. வடிவு. தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு, சங்கிலியின் ஒரு முனையில் பாறாங்கல்லை வைத்துவிட்டு மறு முனையை இழுத்துக்கொண்டு ஓடுகிறவள், கல் நகர்ந்தால் திரும்ப வந்து வைத்துவிட்டு மறுபடி ஓடுகிறவள். இருபத்திரண்டு வயசு என்றாள். இசக்கியைப் பார்த்ததும் யார், எவர் என்று கூடக் கேட்கவில்லை, "ஏட்டி, வந்தியா, அந்த மொனையப் பிடி" என்றாள். அப்படி ஒரு வரவேற்பு அவளுக்கு ஜென்மத்தில் கிடைத்ததில்லை. பதினோரு நாளும் பிடித்தாள். விரல் தோல் உரிந்து, காய்த்து, மறுபடி உரிந்தது. ராத்திரி என்று ஒன்று அங்கே சரியாக வராது, களைத்தால் படுத்துக்கொள்ள வேண்டியதுதான், படுத்துக்கொண்டு வடிவு ஏதாவது கேட்பாள். டவுன்ல எஸ்.டி.டி. பூத்துல இன்னமும் அந்தக் கூட்டம்தானா? இசக்கிக்கு எஸ்.டி.டி. பூத் என்றால் என்னவென்றே தெரியவில்லை, ஆமாம் என்று சொல்லிவைத்தாள். நீ எப்படிக்கா தனியா வந்த என்று ஒரு நாள் கேட்டதற்கு, தனியாவா, இல்லட்டி, அவரு கூட வந்தேன், சங்கிலி அறுந்துபோச்சு, இது ஒட்டுப்போட்டது, வேற சங்கிலி எடுத்துட்டு வாரேன்னு போயிருக்காரு, வந்துருவாரு என்றாள். கடைக்குப் போன ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அவரு. எதிரில் இல்லாத ஆளைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ பேசினால் நிலம் கரையும் என்று அந்த ஊரில் ஒரு பயம் உண்டு, அதனால் எல்லாரையும் அவரு, அவ, அவுக என்றுதான் சொல்வார்கள், அதெல்லாம் சரி, இருந்தாலும் ஒரு பொம்பளை 'அவரு' என்றால் யாரை? அதுதான் மாட்டிக்கொண்டது. எட்டு மாசமாய் அந்த ஒரு சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் விழுங்கினாலும் குத்துகிறது.

ஏனென்றால் ஏழு. மேற்குப் பக்கத்துக் கற்களில் எண் கொத்தியிருந்தது. நம் ஊர் சர்வே கல் மாதிரியே அம்புக்குறி போட்டு, கீழே எண். பதினேழாம் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தாள். ஏழின் தண்டில் குறுக்கே ஒரு சின்னக் கோடு, அந்தக் கோட்டின் வால் மட்டும் கொஞ்சம் மேலே சுழித்து. அப்படி ஏழு போடுகிற ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான். கேஸ் புத்தகத்தில், காலண்டரில், அவள் ஒன்றாம் வகுப்பு சிலேட்டில். அப்பா. அப்பா இங்கே வந்திருக்கிறார். முதலில் சந்தோஷம், வெடித்துவிடுகிற மாதிரி, எங்கப்பா, எங்கப்பா இங்கே கல் நட்டிருக்கிறார், ஊரையே நிறுத்தி வைத்திருக்கிறார், வீட்டில் பனியனோடு உட்கார்ந்து சீரியல் பார்த்துக் கண்ணைத் துடைக்கிற எங்கப்பா! அந்தச் சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே அது வந்தது. அவரு கூட வந்தேன். அப்படியானால் வடிவு யார்? அப்பா யாரை விட்டுவிட்டு வந்தார்? அம்மாவுக்குத் தெரியுமா? வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மாவை அவளால் நேராய்ப் பார்க்க முடியவில்லை. தோசை ஊற்றுகிற கையைப் பார்ப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அப்பாவின் பெட்டியைக் குடைந்தாள், பழைய அளவுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாய்ப் புரட்டினாள், ஒரு கடிதாசி, ஒரு போட்டோ, ஒன்றுமில்லை. தேடினதில் மிச்சம், சர்வே வேலை வந்துவிட்டது, கோணம் எடுப்பது, பரப்பு போடுவது எல்லாம் தானாய்க் கற்றுக்கொண்டுவிட்டாள். வீட்டில் ரகசியம் என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது, அது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம், அப்பாவின் தங்கச்சி ஒருத்தி கல்யாணத்துக்கு நிச்சயம் ஆன பின்னாடி எவனோடோ ஓடிப்போனாள் என்பது. அவள் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாண வீடுகளில் கிழவிகள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு 'அந்த ஓடுகாலி' என்பார்கள், அப்பா உடனே எழுந்து கை கழுவப் போய்விடுவார், சாப்பிடாமலே கை கழுவப் போவார். ஒரு குடும்பத்துக்கு எத்தனை ரகசியம்தான் தாங்கும்?

தரை அதிர்ந்தது. சரக்கு வண்டி. எஞ்சின் அலறிக்கொண்டு வந்து அப்பாவின் சட்டையைப் படபடக்க வைத்துவிட்டுப் போயிற்று, பின்னால் பெட்டி பெட்டியாய், எல்லாம் மூடின பெட்டி, நெல்லோ, சிமெண்டோ. எண்ணாதே, எண்ணினால் பதற்றம் கூடும். கடைசிப் பெட்டி போனதும் இறங்க வேண்டும். தண்ணி தாகமா இருக்குப்பா, அக்காகிட்ட வாங்கிக் குடிச்சிட்டு வாரேன். அதுதான் சொல்ல வேண்டியது. சாதாரணமாய்ச் சொல்ல வேண்டும், குரல் உயரக் கூடாது. வாகை மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டால் அப்பா பார்க்க முடியாது. ஏழு நிமிஷம், தண்ணீர் குடிக்க ஏழு நிமிஷமா என்று கேட்டால்? கேட்கட்டும், அதற்குள் பதினோரு நாள் ஓடியிருக்கும், நாற்பத்திரண்டு வீட்டையும் அளந்து முடித்திருப்பாள், பத்து நாள் போதும், ஒரு நாளைக்கு நாலு வீடு, கூடவே ஓடினால் ஐந்து. முடித்துவிட்டு வடிவைக் கேட்டுவிட வேண்டும். உன் அவரு யாரு? நேராய். கேட்டுவிட்டால்? பதில் வந்துவிட்டால்? அதோடுதான் மிச்ச ஆயுசுக்கும் அம்மா சுட்ட தோசையைத் தின்ன வேண்டும். இருந்தாலும் கேட்க வேண்டும். கதவை இடித்த பிறகு கேட்க முடியாது, கேட்காமல் இருந்தால் அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டே கிழவி ஆகிவிடுவாள். கால் தானாய் ஆடியது. பெட்டி, பெட்டி, பெட்டி, அப்புறம் ஒன்றுமில்லை. சத்தம் வடக்கே தேய்ந்தது. கேட் ஏறவில்லை. பால்காரர் மறுபடி வைதார். அவள் வாயைத் திறந்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, நிஜமாகவே தாகம்.

"அப்பா, தண்ணி..."

"வடிவு நல்லா இருக்காளா?"

அப்பா திரும்பவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடியே கேட்டார். சத்தமாய்க்கூட இல்லை. அவளுக்கு முதலில் காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகம். அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நோட்டில் எழுதினதில்லை. தூக்கத்தில் உளறினாளா? வெயில் அப்படியே இருந்தது, பால்காரர் செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், அப்பாவின் காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

"யாருப்பா?" என்றாள். எவ்வளவு கேவலமாய் வந்தது அந்தக் குரல்.

"புரட்டாசில நீ வந்தன்னைக்கு ஒன் செருப்புல நீலமா மண்ணு இருந்துச்சு தாயி. ஒங்கம்மை பாத்திருவாளோன்னு நாந்தான் எடுத்துக் கழுவி வச்சேன். அந்த மண்ணு வேற எங்கயும் கெடையாது. கையப் பாத்தேன். சங்கிலி பிடிச்ச கை. எனக்குத் தெரியாதா அது? எட்டு மாசமாக் கேக்கணும், கேக்கணும்னு. வடிவு உசுரோட இருக்காளா? வயசாயிருக்குமே அவளுக்கும். அதை மட்டும் சொல்லு."

"அவ யாருப்பா ஒங்களுக்கு?"

கேட்டுவிட்டாள். பத்து நாள் கழித்து வடிவிடம் கேட்க வைத்திருந்ததை இங்கேயே, கேட்டில், பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டாள். அப்பா இப்போதுதான் திரும்பினார். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏன்தான் கேட்டோமோ என்று ஆயிற்று. கண்ணில் நீர் இல்லை, ஆனால் முகம் முழுக்க அழுது முடித்த மாதிரி இருந்தது.

"யாருன்னு சொல்லலையா அவ? எந் தங்கச்சி தாயி. கூடப் பெறந்தவ. ஒனக்கு அத்தை."

முள் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எட்டு மாசம் குத்திக்கொண்டிருந்தது, தொண்டை சட்டென்று திறந்துவிட்டது, சிரிப்பு வந்தது, அப்பா எதிரில் சிரிக்கக் கூடாது, இப்போது சிரித்தால் பைத்தியம் என்பார், ஆனாலும் அடக்க முடியாமல் பாதி சிரிப்பும் பாதி என்னவோவுமாய் மூக்கு வழியாய் வந்தது. தங்கச்சி. தங்கச்சி! தாவணியைச் சொருகிக்கொண்டு ஓடுகிற வடிவு அத்தையா, நாலே வயசு மூத்த அத்தையா, அம்மாவை இனி நேராய்ப் பார்க்கலாம், வீட்டுக்குப் போனதும் பார்க்கலாம், தோசை வேண்டும் என்று கேட்கலாம். சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். அப்படியானால் அவள் ஓடிப்போகவில்லை. அந்த ஓடுகாலி. வெற்றிலைக் கிழவிகள். சாப்பிடாமல் கை கழுவப் போகிற அப்பா. எவனோடும் ஓடவில்லை, நாற்பத்திரண்டு வீடு கரைந்து போகாமல் ஒற்றை ஆளாய்ப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இங்கே அவள் பெயரைச் சொன்னால் வாய் கழுவுகிறார்கள்.

"ஓடிப்போனாங்கன்னு சொன்னது யாருப்பா?"

"நாந்தான்." அப்பா மறுபடி தண்டவாளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சங்கிலி எடுக்க நான் மட்டும் வந்தேன், அவ அங்கயே நிக்கேன்னா. இனி அடுத்த தடவைதான் தொறக்கும்னு தெரியும், பொழுதடைய வீட்டுக்கு வந்தா, அவளக் காணும்னு ஒரே கூப்பாடு. எங்கய்யா அருவாளோட நிக்காரு, கூட்டிட்டுப் போனவன் நீதான, எங்கல அவ, சொல்லுங்காரு. எனக்கு இருபத்திரண்டு வயசு. கதவு, நீல மண்ணுன்னு சொல்லியா நம்புவாக? எவனோ ஒருத்தன் கூட பஸ் ஏறுனதப் பாத்தேன்னு சொல்லிட்டேன். வாயில வந்தது. அம்புட்டுதான். பொறவு அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். எங்கம்மா அதை நம்பிக்கிட்டே செத்தா."

"திரும்பப் போகவே இல்லையா நீங்க?"

"வந்தேன். இந்தா, இந்த மரத்தடில வந்து நின்னேன். மூணு தடவ என் கண்ணு முன்னால தொறந்துச்சு. நாந்தான் காலெடுத்து வைக்கல. போனா அவளக் கூட்டிட்டு வரணும், வந்தா நான் சொன்னது பொய்யின்னு ஆயிரும். பொறவு வருசம் ஓடிப்போச்சு, என்ன மூஞ்சிய வச்சிட்டுப் போகன்னு இந்தப் பக்கமே வாரதில்ல. பாலத்துல தண்ணி ஒண்ணும் நிக்கல தாயி. இன்னைக்கு ரெண்டு வண்டின்னு ஸ்டேஷன்ல கேட்டு வச்சிட்டுத்தான் ஒன்னக் கூட்டியாந்தேன். தனியாப் போக பயமா இருக்கு."

பயமா இருக்கு. அப்பா சொல்கிறார். பாம்பு வந்தால் வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கிப் போடுகிற அப்பா. அவளுக்கு ஆத்திரம் வந்தது, இருபத்து நாலு வருஷம், ஒரு பொம்பளைப் பிள்ளையின் பெயரை ஊர் வாயில் போட்டுவிட்டு, கோழை, கோழை என்று சொல்ல வாய் வந்தது. அதே மூச்சில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, ரெண்டும் ஒன்றாய் இருந்தது, எதை முதலில் செய்வது? அப்பாவுக்கு ஒன்று தெரியாது. அதை அவள் மட்டும்தான் சொல்ல முடியும். அந்த நினைப்பு வந்ததும் ஆத்திரத்தையும் தள்ளிக்கொண்டு மறுபடி அந்த ஜிவ்வென்ற ஓட்டம்.

"அப்பா, அவங்களுக்கு வயசாகல. கதவு தொறந்தாத்தான் அங்க நாளே போகும், நம்ம வருசத்துக்கு அம்பது நாளுதான். அவங்களுக்கு இருபத்திரண்டு வயசுப்பா. நீங்க போயி மூணு வருசமோ என்னமோதான் ஆகுது அவங்களுக்கு. வந்துருவாரு, வந்துருவாருன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க."

அப்பா அவளைப் பார்த்தார். சொன்னது உள்ளே இறங்குவது தெரிந்தது, ஒவ்வொரு படியாய். தெற்கே பாசஞ்சர் ஊதியது. நீளமாய். பச்சைக் கதவில் டக்கென்று ஒரு சத்தம், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள், பூட்டு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவள் குதித்து இறங்கினாள். அப்பா ஸ்டாண்டைப் போட்டார், சாவியை எடுத்தார், எடுத்த சாவியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கப்பா, ஏழு நிமிஷம்தான், வாங்க!" மரியபுஷ்பம் அக்கா கொடியை விரித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தாள், பால்காரர் தண்டவாளத்தைப் பார்த்தார், எல்லாரும் தண்டவாளத்தைத்தான் பார்த்தார்கள். வாகை நெற்றுகள் காலில் நொறுங்கின. கதவுக்கு ஒரு அடி முன்னால் அப்பா நின்றுவிட்டார். வேண்டாம், நிற்காதீர்கள், இங்கேதானே மூன்று தடவை நின்றீர்கள். அவள் கையை மட்டும் விடவில்லை. இழுக்கவும் இல்லை. அப்பா செருப்பைக் கழற்றினார், கோயிலுக்குள் போகிற மாதிரி ஓரமாய் ஜோடியாய் விட்டார், நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, அவளுக்கு முன்னால் காலெடுத்து வைத்தார்.

குருத்து வெளிச்சம். நீல மண். இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. மேற்கே கல் கல்லாய் நேர்க்கோடு போட்டுப் போகிறது, கிழக்கே சரிவு, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள், ஓரம் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது, ஒரு களத்துமேடு போயிருந்தது, ஆனால் கூரைகள் நிற்கின்றன, புகை வருகிறது, நாற்பத்திரண்டும் நிற்கின்றன. சரிவின் தலைமாட்டில் ஒருத்தி முதுகு காட்டிக் குனிந்திருந்தாள். பாறாங்கல்லை நகர்த்திக்கொண்டிருந்தாள். அப்பா கூப்பிட வாயெடுத்தார், காற்றுத்தான் வந்தது. காற்றே போதுமாயிருந்தது, வடிவு நிமிர்ந்தாள், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள், கல்லை அப்படியே போட்டாள். ஓடி வந்தாள். தாவணி முந்தி அவிழ்ந்து பின்னால் பறக்க, சரிவில் வழுக்கி, எழுந்து, மறுபடி ஓடி. பத்தடி தள்ளி நின்றுவிட்டாள்.

"அண்ணே?" என்றாள். "தலைக்கு என்னத்தப் பூசியிருக்க? ஒரே சாம்பலா இருக்கு?"

அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். மண்ணில், சின்னப் பிள்ளை உட்கார்கிற மாதிரி. வடிவு அவரைப் பார்த்தாள், இசக்கியைப் பார்த்தாள். "ஏட்டி, நீ எப்பிடி இவுககூட? வழில பாத்தியா?"

"அத்தை," என்றாள் இசக்கி. அந்தச் சொல் வாய்க்குள் புதிதாய் இருந்தது, இனிப்பாய் இருந்தது, இவளைப் பார்த்துத்தான் முதல் முதலாய் அதைச் சொல்கிறோம் என்பதே போதும் போலிருந்தது. "இவுக எங்கப்பா."

வடிவு சிரித்தாள். யாருட்டி ஒனக்கு அத்தை என்று கேட்கத்தான் வாயெடுத்தாள், அது தெரிந்தது. சிரிப்பு முகத்திலேயே நிற்க, கண் மட்டும் அப்பாவின் நரையிலிருந்து இசக்கியின் மூக்குக்கும், மூக்கிலிருந்து மறுபடி நரைக்கும் போய்ப் போய் வந்தது. சிரிப்பு மெல்லப் போயிற்று. அவள் பக்கத்தில் வந்து, அப்பாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டி அவர் தலைமுடியைத் தொட்டாள், விரலால் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் உதிரவில்லை.

"எத்தன வருசம் அண்ணே?"

"இருபத்து நாலு."

எழுந்து போய்விடுவாளோ, அறைவாளோ என்று இசக்கி வடிவையே பார்த்துக்கொண்டு நின்றாள், அறைந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அவர் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வடிவு மூக்கை உறிஞ்சினாள். தாவணியை இழுத்துச் சொருகினாள்.

"பதினோரு நாளு இருக்கு," என்றாள். "அளக்கதுக்குத்தான் இவ இருக்காளே, ஒண்ணுக்கு ரெண்டு ஆளு. மொதல்ல நீ சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லணும். நான் எங்க போனேன்னு வீட்டுல என்ன சொன்ன, அதுல இருந்து சொல்லு."

அப்பா தலையை நிமிர்த்தினார். இசக்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளோடு தோள் ஒட்டிக்கொண்டாள். அவர் ரெண்டு கையையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு, தங்கச்சியின் முகத்தைப் பார்த்து, சொல்ல ஆரம்பித்தார்.